கோமு அங்கேயே இருக்கட்டும்

வேண்டாம்க்கா, குடுக்காதீங்க. தப்பா எடுத்துக்கிடாதீங்க. எள்ளுருண்டை நல்லாத்தான் இருக்கும், பஸ்ஸு முழுக்க வாசமே சொல்லுதே. நீங்க வீட்ல பிடிச்சதுதான? தெரியுது. கடையில வாங்குனா இப்படி மணக்காது. ஆனா இவன் திங்கப்படாது. ஏலே அப்பு, கைய மடக்கு. பெரியம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லு. சொல்லிட்டான் பாருங்க. அவனுக்கே பழகிப்போச்சு.

சுகர்க்கா. ஆமா, இவனுக்குத்தான். அஞ்சு வயசு. இப்ப நீங்க முழிச்சீங்கள்லா, இப்படித்தான் எல்லாரும் முழிப்பாக. இம்புட்டுப் பிள்ளைக்கான்னு கேப்பாக. வரும்க்கா. கைப்பிள்ளைக்கே வருமாம், ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். அடுத்து என்ன கேப்பாகன்னும் எனக்குத் தெரியும். சின்னதுலயே மிட்டாயா வாங்கிக் குடுத்தியாக்கும்னு கேப்பாக. நீங்க கேக்கல. ஆனா மனசுல வந்திருக்கும். வந்தாத் தப்பில்ல. பெத்த எனக்கே அதான் முதல்ல வந்துச்சு.

டாக்டர் அம்மா தெளிவாச் சொல்லிட்டாக. இனிப்புத் தின்னதுனால வந்தது இல்ல, உடம்புக்குள்ள ஏதோ சுரக்கணுமாம், அது நின்னுபோச்சு, இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லன்னு சொன்னாக. நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். வெளிய வந்து அவுககிட்ட, எங்க வீட்டுக்காரவுககிட்ட, அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்ல. மூணு வயசு வரைக்கும் இவன் கேட்டப்பல்லாம் முந்திரிக்கொத்தும் மனோகரமும் செஞ்சு குடுத்த கை இது. எங்க பக்கத்து இனிப்புப் பலகாரம்லா, திருப்பூர்ல கிடைக்காதுன்னு நானே செய்வேன். இப்ப எண்ணெய்ச் சட்டி பரண்ல கெடக்கு.

முன்னால இதை யார்கிட்டயும் பாதிக்கு மேல சொல்ல முடியாது. இப்ப அப்படி இல்ல. கரண்டு பில் கட்டுனதைச் சொல்லுத மாதிரி சொல்லிருவேன். அழுகையும் வரமாட்டேங்கு. எங்கம்மா கூடக் கேட்டா, என்னட்டி கல்லு மாதிரி இருக்கன்னு. என்னத்தச் சொல்ல. இவன் விரலைத் தொட்டுப் பாருங்க, நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. குத்திக் குத்தி. குத்துனா இப்ப இவனுக்கே வலிக்கமாட்டேங்குன்னு சொல்லுதான். எனக்கும் அப்படித்தான் ஆகிப்போச்சுன்னு வச்சுக்கோங்களேன்.

சாப்பாட்டுக்கு முந்தி விரல்ல குத்திப் பாக்கணும்க்கா. பாத்துட்டு ஊசி போடணும். போட்டுட்டா கண்டிப்பாச் சாப்பிடணும். சாப்பிடமாட்டேன்னு அடம்பிடிச்சான்னா வம்பு. ஏறுனாலும் ஆபத்து, இறங்குனாலும் ஆபத்து. ஏறுறதையாவது கொஞ்சம் தாங்கலாம். இறங்கிருச்சுன்னா கண்ணு சொருகிரும், வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். அப்ப உடனே இனிப்புக் குடுக்கணும். அதுக்குத்தான் இந்தப் பையில குளுக்கோஸ் டப்பா எப்பவும் கெடக்கும். எங்க வீட்லயே இனிப்புன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். ஒருத்தனுக்கு இல்லன்னா யாருக்கும் இல்ல, அதான் எங்க வீட்டுச் சட்டம். அவுக காப்பியில கூடச் சீனி போடுறதில்ல. நானும் அப்படியே பழகிட்டேன்.

மூத்தவ ஒருத்தி இருக்கா. கோமு. கோமதின்னு சங்கரன்கோயில் அம்மன் பேரு, எங்க மாமியார் பேரும் அதான். நாலாவது முடிச்சிருக்கா. அவளைத்தான் இப்ப மதினி வீட்ல விட்டுட்டு வாரேன்.

தங்கமான பிள்ளைக்கா. அவளால ஒரு தொந்தரவு கிடையாது. ஒண்ணை வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். போன பிறந்தநாளைக்கு, பள்ளிக்கூடத்துல குடுக்கிறதுக்கு ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கிக் குடுத்தோம். சாயந்திரம் வந்து காலி பாக்கெட்டை விரிச்சுக் காட்டுதா. எல்லாத்தையும் குடுத்துட்டேன்மா, டீச்சருக்குக் கூட ரெண்டு குடுத்தேன், நான் ஒண்ணு கூடத் திங்கலங்கா. வாயத் திறந்து நாக்கை வேற நீட்டிக் காட்டுனா. எனக்கு அம்புட்டுப் பெருமை. பக்கத்து வீட்ல, மாடி வீட்லன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், இப்படி ஒரு பிள்ளை யாருக்கு அமையும்னு.

இவனுக்கு ஊசி போடும்போது அவதான் ஒத்தாசை. பஞ்சு எடுத்துட்டு வா கோமுன்னா ஓடுவா. சுகர் பாக்குற மெஷினை எடுத்து வைப்பா. நான் இவனை மடியில போட்டுக்கிட்டு, குத்துன விரலை ஊதி, முத்தம் குடுத்து, என் ராசால்லா, என் சிங்கம்லான்னு கொஞ்சிக்கிட்டே இருப்பேன். இல்லாட்டி விடமாட்டான். அவ பஞ்சோட அப்படியே நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. ஒரு நாள் அவளும் விரலை நீட்டுனா. எனக்கும் பாரும்மான்னு கேட்டா. ஏட்டி, இது என்ன விளையாட்டுச் சாமானா, மெஷின்ல சொருகுற ஒவ்வொரு பட்டையும் எண்ணி எண்ணி வச்சிருக்கேன், போய் வீட்டுப்பாடத்தை எழுதுன்னேன். போயிட்டா. அதான் சொல்லுதேன்லா, ஒரு பேச்சு மறுபேச்சுக் கிடையாது.

அப்படி இருந்த பிள்ளைக்கு எங்க இருந்து இந்தப் புத்தி வந்துச்சுன்னுதான் தெரியல.

முதல்ல மாடி வீட்டு அக்கா சொன்னாக. உன் மக எங்க வீட்டுக்கு வந்தா அடுப்படியிலயே நிக்கா, சீனி டப்பாவத் திறந்து அள்ளி வாயில போடுதா, கேட்டா ஓடிருதான்னாக. எனக்கு மானம் போச்சு. கூப்பிட்டு வச்சுக் கேட்டேன். நல்லா ஏசினேன். இப்படி அள்ளி அள்ளித் தின்னா உனக்கும் சுகர்தான் வரும், அப்புறம் உன்னையும் இவனை மாதிரி மடியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையணும் நான்னேன். அவ நிமிந்து பாத்தா. நெசமா வருமாம்மான்னா. வராம என்னன்னேன்.

டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குக்கா. இனிப்புத் தின்னா இது வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா பிள்ளைகிட்ட அதைச் சொல்ல முடியுமா. ஒரு பயம் இருந்தாத்தான அடங்கும். நம்மளையெல்லாம் பூச்சாண்டி சொல்லித்தான வளர்த்தாக.

அடங்கல. அதுக்கப்புறம்தான் கூடிப்போச்சு.

லீவு விட்டதும் மதினி கூப்பிட்டாக, எங்க வீட்டுக்காரவுக கூடப் பிறந்த அக்கா, வேலம்மாள்னு பேரு. சங்கரன்கோயில் பக்கத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. ரெண்டு பயலுகளும் வேலைக்குப் போயிட்டானுக, வீட்ல அவுகளும் அண்ணாச்சியும் மட்டும்தான். கோயில் கொடைத் திருவிழா வருது, பிள்ளைகளக் கூட்டிட்டு வா, பத்து நாள் இருந்துட்டுப் போன்னாக. வீட்டுக்காரவுகளுக்குக் கம்பெனியில லீவு இல்ல. நானே ரெண்டையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புனேன். வழிக்குக் கடையில வாங்குன கேப்பை முறுக்கு, உப்புக்கடலை, இவனுக்கு இட்லி, எல்லாம் கட்டிக்கிட்டேன். பை மூணு, பிள்ளை ரெண்டு. பஸ்ஸுல எனக்கும் இவனுக்கும் ஒரு சீட்டு கிடைச்சுச்சு. கோமு எதிர்ல இன்ஜின் பக்கத்துல உக்காந்தா. சாமான் பையும் அவ காலடியிலதான் இருந்துச்சு, அந்தக் குளுக்கோஸ் டப்பா இருந்த பை.

மதுரை தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் வந்தான். ஊசி போட்டு ரெண்டு இட்லி குடுத்தேன். ஒண்ணு தின்னான், இன்னொண்ணை எனக்குத் தெரியாம ஜன்னல் வழியாப் போட்டுட்டான் சவத்து மூதி. கல்லுப்பட்டிகிட்ட வரும்போது தலை தொங்குது. தொட்டுப் பாத்தா சட்டையெல்லாம் ஈரம். அப்பு அப்புங்கேன், கண்ணு மேல போகுது. ஏட்டி கோமு டப்பாவ எடுன்னு கத்துனேன். அவ எடுக்கல. அப்படியே உக்காந்திருக்கா. நானே எட்டிப் பையப் பிடுங்கித் திறந்தா, டப்பாவுல ஒண்ணும் இல்லக்கா. ஓரத்துல ஒட்டியிருந்தது கூட இல்ல. நக்கித் துடைச்சு வச்சிருக்கா.

அந்த நிமிசம் எனக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் இல்ல. பயமும் வரல. இவ்வளவுதான் போலன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அவ்வளவுதான். டிரைவர் அண்ணன்தான் ஒரு டீக்கடை வாசல்ல வண்டிய நிப்பாட்டுனாரு. டீ மாஸ்டர் ஒரு தம்ளர் நிறையச் சீனி போட்டுக் கரைச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. பஸ்ஸே எந்திரிச்சு நிக்குது. ஒரு அம்மா இவன் வாயத் திறந்து பிடிச்சாக. உதட்டுல கொஞ்சம் கொஞ்சமாத் தடவி உள்ள விட்டேன். மெதுவா முழிச்சான். முழிச்சு, அம்மா முறுக்குங்கான்.

எல்லாரும் சிரிச்சாக. நான் இவனைத் தோள்ல போட்டுக்கிட்டே எந்திரிச்சுப் போய் கோமுவ ஒரு அறை விட்டேன். பஸ்ஸுக்கே கேட்டுச்சு. களவாணி, உன் தம்பியக் கொல்லப் பாத்தியேட்டின்னேன். ஏன்ட்டி தின்ன, ஏன் தின்னன்னு உலுக்குனேன். அவ அழல. கன்னத்துல விரல் விரலாப் பதிஞ்சு நிக்குது, அவ என் தோள்ல கெடக்குற இவனையே பாக்கா. என்னைப் பாக்கல. என்ன பிள்ளையோன்னு எனக்கு வெறுத்துப் போச்சு.

தப்புதான், பொதுவுல வச்சு அடிச்சிருக்கப்படாது. அதை மதினியும் சொன்னாக. ஆனா நீங்களே சொல்லுங்க, உயிர் போற விஷயம்லா.

மதினி வீட்ல போய் இறங்குனதும் எல்லாத்தையும் சொன்னேன். அவுக அவளை இழுத்து அணைச்சுக்கிட்டாக. சின்னப் பிள்ளைதான, அதுக்கும் நாக்கு கேக்கும்லா, நீ வீட்ல ஒண்ணும் கண்ணுல காட்டமாட்டேங்க, பின்ன அது திருடத்தான் செய்யும்னாக. சொல்லிட்டு மறுநாளே எண்ணெய்ச் சட்டிய வச்சுட்டாக. பாசிப்பயறை வறுத்துத் திரிச்சு, பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்து பிடிச்சு, மாவுல முக்கி முக்கிப் போட்டாக. இவனை அந்தப் பக்கமே விடாம நான் கொல்லையில வச்சுக்கிட்டேன். அவளுக்குத் தட்டு நிறையக் குடுத்தாக. தின்னா பாருங்க. ருசிச்செல்லாம் திங்கல. கசாயம் குடிக்கிற மாதிரி கண்ண மூடிக்கிட்டு ஒண்ணொண்ணா முழுங்குதா. கடைசியில வாந்தி எடுத்தா. வாயக் கழுவிட்டு வந்து திரும்ப ஒண்ணை எடுக்கா. மதினிக்கு ஒரே சிரிப்பு. பாவம், எம்புட்டு ஏக்கம் இருந்திருக்கு பாருங்காக.

அப்புறம் ஒரு நாள், தண்ணியாக் குடிக்க ஆரம்பிச்சா. சொம்பு சொம்பா. காலையில இருந்து குடிக்கா, ஓடி ஓடிப் போறா. அம்மா எனக்குத் தாகமாவே இருக்கு, ரொம்ப ஒண்ணுக்கு வருதுன்னு என்கிட்ட வந்து சொல்லுதா. இவனுக்கும் அப்படித்தான ஆரம்பிச்சுச்சு. ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் எனக்குப் பயம்னு ஒண்ணு வந்துச்சுக்கா. கோமதி தாயே, ஒண்ணு போதும், இன்னொண்ணையும் குடுத்துராதன்னு வேண்டிக்கிட்டு மெஷினை எடுத்தேன். நீட்டுட்டின்னேன். வெரசா வந்து மடியில உக்காந்துட்டா. இவ்வளவு பெரிய பிள்ளை, காலு தரையில தட்டுது. விரலை நீட்டிக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டா. குத்துனேன். பாத்தா எல்லாம் சரியா இருக்கு. நல்ல பிள்ளைக்கு இருக்கிற மாதிரியே இருக்கு.

எனக்கு உயிரே வந்துச்சு. உனக்கு ஒண்ணும் இல்லட்டின்னு சொன்னேன். அவ மூஞ்சி அப்படியே விழுந்துபோச்சு. பயந்திருக்கும் போல, பிள்ளைதான. ஊதும்மான்னு விரலைக் காட்டுனா. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குட்டி ஊதணும், எந்திரி, தம்பி சாப்பிடுற நேரமாச்சுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. அதோட தண்ணி குடிக்கிறதையும் நிப்பாட்டிட்டா. பாருங்க, எல்லாம் வீம்பு.

மதினி அதை எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. நேத்து மெதுவா ஆரம்பிச்சாக. தேவி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. உனக்கு அவனைப் பாக்கவே சரியா இருக்கு. இவ இங்க இருக்கட்டும். பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளித்தான், நான் சேத்துவிடுதேன். எனக்கும் ஒரு பொம்பளப் பிள்ளை இல்ல. அங்க இருந்தா வாயக் கட்டணும், இங்கன்னா எல்லாப் பிள்ளைகளையும் போலத் தின்னுட்டு வளரும்னாக.

யோசிச்சுப் பாத்தேன். நல்லதுதான? வீட்டுக்காரவுககிட்ட போன்ல கேட்டேன். உனக்கு எது சரின்னு படுதோ செய்யின்னாக. அக்கா வீடுதான, அந்நியம் இல்லையே. கோமுகிட்டயும் கேக்காம இல்ல. அத்தை வீட்ல இருந்து படிக்கியாட்டின்னேன். நீயும் இருப்பியாம்மான்னா. நான் எப்படி இருக்க முடியும், தம்பிக்கு ஆஸ்பத்திரி அங்கதான இருக்குன்னேன். சரின்னுட்டா. ஒரு அழுகை இல்ல, ஒரு அடம் இல்ல. நான்தான் சொன்னேன்லா, அவளால தொந்தரவே கிடையாதுன்னு.

காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மதினிகூட வந்தா. இவன் பையத் தூக்கிட்டு வந்தா. ஊசி டப்பா இருக்கா, பஞ்சு இருக்கா, குளுக்கோஸ் இருக்கான்னு அவளே திறந்து பாத்து எனக்குக் காட்டுனா. நான் திருடலம்மா, முழுசா இருக்குன்னா. சரி சரின்னேன். எனக்கும் ஏதாவது சொல்லணும்னுதான் இருந்துச்சு. பிள்ளைய விட்டுட்டு வாரப்ப நாலு நல்ல வார்த்தை சொல்லணும்லா. வாயில வரமாட்டேங்கு. நல்லாப் படி, அத்தைக்கு ஒத்தாசையா இருன்னேன். வேற என்ன சொல்ல. உள்ள ஒண்ணும் இல்லக்கா, மாவு சலிச்ச சல்லடை மாதிரி கெடக்கு. பக்கத்துல ஒரு அம்மா மகளக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டு நிக்காக. எப்படித்தான் வருதோன்னு அவுகளப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஏறி உக்காந்தோம். இவன் மடியில ஏறிக்கிட்டான். வண்டி உறுமுது. அப்பத்தான் அவ ஓடி வந்து ஜன்னல் கம்பியப் பிடிச்சா. எக்கி நின்னாத்தான் எட்டுது. அம்மா, அம்மான்னா. என்னட்டின்னேன். எனக்கும் தம்பி மாதிரி சுகர் வந்துட்டா, நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவியாம்மான்னு கேட்டா.

கண்டக்டர் விசில் ஊதிட்டான். இவன் வேற தண்ணி தண்ணின்னு நெளியுதான். பிள்ளை கேக்குதேன்னு நானும் சொன்னேன், வந்துட்டா கூட்டிட்டுப் போகாம பின்ன, இங்கயா விட்டு வைப்பேன்னேன்.

சிரிச்சாக்கா. அப்படி அவ சிரிச்சு நான் பாத்து எம்புட்டோ காலம் ஆச்சு. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சா. கம்பிய விட்டுட்டு ஓடிப் போய் மதினி கையப் பிடிச்சு, வாங்கத்தை, வீட்டுக்குப் போவோம் வாங்கன்னு அவதான் இழுத்துக்கிட்டுப் போறா. எங்க பஸ் கிளம்புறதைக் கூட நின்னு பாக்கல.

அப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. பிள்ளைக்கு அங்க பிடிச்சுப் போச்சு பாருங்க. மதினி அதிரசத்துக்கு மாவு இடிச்சு வச்சிருக்காக, சாயந்திரம் சுடுவாக. அவ பாட்டுக்குத் தின்னுட்டு சந்தோசமா இருப்பா.